ஓய்வு பெற்ற குதிரை

சோமனூர் அன்பர் ஒருவரிடம் ஒரு குதிரை இருக்கிறது. அந்தியூர் குருநாதசுவாமி ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியது. பத்து வருஷ காலம் மாப்பிள்ளை ஊர்வலங்களில் நடந்து அவருக்குச் சோறு போட்டது. இப்பொழுது வேட்டுச் சத்தம் கேட்டால் நடுங்குகிறது. காகிதம் பறந்தால் மிரள்கிறது. இரவெல்லாம் நின்ற இடத்திலேயே தலையை இருபுறமும் ஆட்டுகிறது. "சுழி சரியில்லை, வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?" என்று நம்மிடம் யோசனை கேட்டார். சம்பாதித்துக் கொடுத்தபோது சரியாயிருந்த சுழி இப்போது எப்படிக் கெட்டது என்று கேட்டோம். பதில் இல்லை.

விற்ற குதிரை என்ன ஆகும் என்பதற்கு எகிப்து சாட்சி. 1914-18 யுத்தம் முடிந்ததும், சாம்ராஜ்யத்துக்காக உழைத்த ஆயிரக்கணக்கான குதிரைகளை ஆங்கில இராணுவம் அங்கேயே விற்றுவிட்டது. (நன்றிக்குப் பெயர்போன சாம்ராஜ்யம்!) 1930-ல் கெய்ரோ சென்ற டாரதி புரூக் அம்மையார், எலும்பும் தோலுமாய்ப் பாரம் இழுத்த அக்கிழட்டுப் பிராணிகளைக் கண்டார். பத்திரிகை மூலம் பணம் திரட்டி, சுமார் 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவரால் அளிக்க முடிந்தது வேதனையற்ற மரணம் ஒன்றே. 1934-ல் அங்கே குதிரை வைத்தியசாலை நிறுவினார்.

விற்காமல் தெருவில் அவிழ்த்துவிட்டாலோ, 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். அது ஒரு நாள் தீனிக்கும் காணாது.

குதிரையின் பயம் துர்க்குணமன்று. ஓடித் தப்புவதே அதற்கு வாய்த்த ஆயுதம். கூட்டமாய் வாழ்வதே அதன் இயல்பு. அதைத் தனியாக, குட்டைக் கயிற்றில், விசைத்தறிக் கொட்டகையின் ஓயாத முழக்கத்துக்கருகே கட்டினால் தலையை ஆட்டாமல் என்ன செய்யும்? மேலும், அதன் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரக்கிறது. இரு வேளை கொள்ளு வைத்துவிட்டு மற்ற நேரம் வெறும் வயிற்றோடு நிறுத்தினால் இரைப்பை புண்ணாகும். வலி பயத்தை வளர்க்கும்.

இதற்கு மருந்து கொங்கு நாட்டிலேயே இருக்கிறது. கிளுவை வேலியும், வெள்வேல மர நிழலும், கொழுக்கட்டைப் புல்லும் உள்ள காங்கயத்துக் கொறங்காட்டைவிடக் கிழக் குதிரைக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தப் புல் ஒன்றையே தின்னும் குதிரைக்கு எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறையும். வைத்தியரைக் கேட்டு அதை ஈடு செய்ய வேண்டும். வாடிய இளஞ்சோளப் பயிர் விஷம், அருகே விடலாகாது. வருஷத்துக்கொரு முறை பல்லை அராவுவித்தால்தான் முதிய குதிரையால் மெல்ல முடியும். துணைக்கு இன்னொரு குதிரை கிடைத்தால் நலம். இல்லையேல் ஓர் ஆடு. பந்தயக் குதிரைகளையே ஆட்டைத் துணைவைத்துச் சாந்தப்படுத்துவது பழைய வழக்கம். எதற்கும் வசதியில்லாதவர்கள் மசினகுடியை அடுத்த மாவனல்லாவிலுள்ள பிராணிகள் புகலிடத்தை விசாரிக்கலாம். கைவிடப்பட்ட குதிரைகளுக்கு அங்கே இடமளித்திருக்கிறார்கள்.

அன்பர் தம் மைத்துனரின் கொறங்காட்டைக் கேட்கப் போயிருக்கிறார். அதற்குள் குதிரையைத் தறிக் கொட்டகையிலிருந்து தோட்டத்து வேம்படிக்கு மாற்றி, ஒரு வெள்ளாட்டையும் பக்கத்தில் விட்டிருக்கிறார். முதல் நாள் ஆட்டை அது உதைக்கப் பார்த்ததாம்.