எட்டு ஊரும் பத்து இரவும்

மனிதனுடைய ஆசைக்கு அளவே கிடையாது என்று பெரியோர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதன் உண்மையை உணர்வதற்கு வேதாந்த நூல்களைப் புரட்ட வேண்டுமென்பதில்லை. ஒரு குடும்பத்தில் நாலு பேர் சேர்ந்து பிரயாணத் திட்டம் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் போதும்.

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் வீட்டுக் கூடத்தில் அந்த வைபவம் நடந்தேறியது. இருபது வருஷ உபாத்தியாயத் தொழிலில் சிறுகச் சிறுகச் சேர்ந்த தொகை ஒன்று நம்மிடம் இருந்தது. அதைக் கொண்டு மாடியில் ஓர் அறை கட்டலாம் என்பது நமது உத்தேசம். ஆனால் எழுபத்திரண்டு வயதான நம் தாயார், "முழங்கால் சொன்னபடி கேட்கும்போதே எங்கேயாவது தூர தேசத்துக்கு ஒரு தடவை அழைத்துக்கொண்டு போயேன், அப்பா!" என்று சொல்லிவிட்டார். மாடி அறை காத்திருக்கும், முழங்கால் காத்திராது. ஆகவே, இலையுதிர் காலத்தில் ஜப்பான் தேசத்துக்குப் போவது என்று தீர்மானமாயிற்று.

உடனே நோட்டுப் புத்தகத்தில் ஊர்களின் ஜாபிதா தயாராயிற்று. வடக்கே ஸப்போரோவில் ஆரம்பித்து, நிக்கோ, டோக்கியோ, ஹக்கோனே, கனஸாவா, கியோட்டோ, ஒஸாக்கா வழியாக ஹிரோஷிமா வரையில் எட்டு ஊர்கள். நமக்குக் கிடைத்திருந்த விடுமுறையிலோ அந்நாட்டில் தங்குவதற்குப் பத்தே இரவுகள். "பத்துக்குள்ளே எட்டு தாராளமாய் அடங்குமே!" என்றான் கல்லூரியில் படிக்கும் நம் புதல்வன்.

கணக்கு அவ்வளவு சுலபமன்று. எட்டு ஊர் என்றால் ஏழு தடவை ஊர் மாற வேண்டும். ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டுவதற்கும், ரயிலேறுவதற்கும், புது விடுதியைக் கண்டுபிடிப்பதற்கும் அரை நாள் போய்விடும். ஆக மூன்றரை நாள் செலவு. இத்தனை பணத்தைக் கொட்டிக்கொண்டு போய், ரயில் நிலையங்களின் மாடிப்படிகளைத் தரிசித்துவிட்டு வருவதா? முழங்கால் வலி உள்ளவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு கிடையாது. பிரயாணத் திட்டத்தில் எண்ண வேண்டியது ஊர்களையல்ல, இரவுகளையே என்பது அன்று நமக்குக் கிடைத்த முதல் ஞானம்.

தாயார் ஜாபிதாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அதெல்லாம் சரி; உதிர்ந்து போகிற இலையைப் பார்ப்பதற்கா இத்தனை செலவு?" என்றார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டோம்.

நிற்க. ஜப்பானில் வசந்த காலத்துச் செர்ரி மலர்கள் தெற்கே பூக்கத் தொடங்கி வடக்கே செல்கின்றன. இலையுதிர் காலமோ வடக்கேயிருந்து தெற்கே வருகிறது. மலைச் சிகரத்திலிருந்து சமவெளிக்கு இறங்குகிறது. குளிர் தொடங்கியதும் இலையிலுள்ள பச்சை நிறம் குன்றுகிறது. கிங்க்கோ மரத்தின் இலையில் முன்பே மறைந்திருந்த மஞ்சள் அப்போது வெளிப்படுகிறது. மேப்பிள் இலையில் சிவப்பு நிறம் புதிதாகவே உண்டாகிறது. வடகோடியிலுள்ள ஹொக்கைடோவின் மலைகளில் செப்டம்பர் மத்தியிலேயே இது ஆரம்பமாகிவிடும். கியோட்டோ நகரத்துக்கு அது வந்து சேருவதற்கு நவம்பர் பிற்பகுதி ஆகிவிடும். இந்த இலைகளைத் தேடிப் போவதற்கு அந்நாட்டார் 'மோமிஜி காரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'செவ்விலை வேட்டை' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

நமது விடுமுறையோ நவம்பர் பிற்பகுதியில் அமைந்திருந்தது. அப்போது ஸப்போரோவில் இலைக்குப் பதில் பனிதான் விழும். எனவே அந்த ஊரின்மீது முதல் கோடு விழுந்தது.

இரண்டாவது கோடு நமது நெஞ்சின்மீதே விழுந்தது என்று சொல்ல வேண்டும். நிக்கோவில் 1636-ம் வருஷத்தில் புதுப்பித்துக் கட்டிய தோஷோகு ஆலயம் இருக்கிறது. தீயதைப் பாராமலும் பேசாமலும் கேளாமலும் இருக்கும் பிரசித்தமான மூன்று குரங்குகளின் சிற்பம் அங்கேதான். அதைவிட முக்கியமாக, மலையேறி இறங்கும் பாதையில் 48 வளைவுகள் உண்டு. ஜப்பானியரின் பழைய நெடுங்கணக்கில் 48 எழுத்துக்கள் உள்ளபடியால், ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எழுத்தைப் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள்! அரிச்சுவடி கற்றுக் கொடுத்துப் பிழைக்கும் நமக்கு அந்தப் பாதையில் ஒரு தடவையாவது போகவேண்டும் என்று எவ்வளவு ஆவல் இருந்திருக்கும்? ஆனால் அந்த மலை சிவப்பது அக்டோபரில். கியோட்டோ சிவக்கும் சமயத்தில் நிக்கோவின் மேல் மலை மொட்டையாகிவிடும். இரண்டையும் ஒரே பிரயாணத்தில் பூரணமாகக் காண்பது தெய்வத்துக்குத்தான் சாத்தியம். நாமே பேனாவை வாங்கி நிக்கோவை அடித்தோம். அதன் பிறகு ஹக்கோனேயும் கனஸாவாவும் அதிக எதிர்ப்பில்லாமல் போய்ச் சேர்ந்தன.

மிஞ்சிய ஊர்களை எந்த வரிசையில் பார்ப்பது? எல்லோரும் செய்வதுபோல் டோக்கியோவில் இறங்கித் தெற்கே போவதற்குப் பதிலாக, ஒஸாக்காவை அடுத்த கன்ஸாய் விமான நிலையத்தில் இறங்கி, டோக்கியோவிலிருந்து ஊர் திரும்புவது என்று திட்டத்தைத் தலைகீழாக்கினோம். முதலில் மலை, பிறகு கடற்கரை, பிறகு கியோட்டோ, கடைசியில் டோக்கியோ. இலையுதிர் காலம் இறங்கி வரும் வழியிலே நாமும் கூடவே வரலாமல்லவா?

அந்த முதல் மலை எது என்பதை நிச்சயித்தது சாப்பாட்டுப் பிரச்னை. தாயார் சுத்த சைவம். ஜப்பானில் காய்கறி மட்டும் மிதக்கும் ரஸத்தைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. 'தாஷி' என்னும் அடிச்சாறுதான் அவர்களுடைய சமையலுக்கு உயிர்நாடி. அது பெரும்பாலும் உலர்த்திச் சீவிய மீனிலிருந்து இறக்குவது. 'கொம்பு' என்ற கடற்பாசியில் மட்டும் இறக்கிய தாஷியும் உண்டு, அது சைவம். 1908-ம் வருஷத்தில் இக்கேடா கிகுனாயே என்ற ரஸாயன சாஸ்திரி 'உமாமி' என்னும் சுவையின் மூலப்பொருளைப் பிரித்தெடுத்தது இந்தக் கடற்பாசியிலிருந்துதான். "நிக்கு மோ ஸக்கானா மோ தாபேமஸென்" என்றால் "மாமிசமும் மீனும் உண்பதில்லை" என்று அர்த்தம். ஆயினும் தாஷியைப் பற்றித் தனியாகக் கேட்காவிட்டால், மீன் சாறு சத்தமில்லாமல் கிண்ணத்துக்குள் வந்துவிடும்.

இந்தக் கவலையே இல்லாத இடம் கோயா மலை. கூகாய் என்னும் பௌத்த மகான் 816-ம் வருஷத்தில் மடாலயம் அமைத்த ஸ்தலம் அது. ஒஸாக்காவின் நம்பா நிலையத்தில் ரயிலேறி, மலையடிவாரத்தில் கேபிள் வண்டிக்கு மாறி மேலே போகவேண்டும். அங்கே ஐம்பதுக்கு மேற்பட்ட கோயில்கள் யாத்ரிகர்களுக்குத் தங்க இடமும் போஜனமும் அளிக்கின்றன. அந்தப் போஜனத்துக்கு 'ஷோஜின் ரியோரி' என்று பெயர். மாமிசமும் மீனும் இல்லை. வெங்காயமும் பூண்டும்கூட இல்லை! எள்ளை அரைத்துச் செய்த கட்டி, உறைபனியில் காய்ந்த சோயாக் கட்டி, காய்கறிகள், சாதம். மாலை ஆறு மணிக்குள் சாப்பாடு, விடியற்காலையில் பூஜை. "இது நம் வீட்டுக் கட்டளை மாதிரிதானே இருக்கிறது?" என்று தாயார் வெகுவாகத் திருப்தியடைந்தார். படுக்கை தரையில் என்பதால் நாற்காலி கிடைக்குமா என்று முன்னதாகவே எழுதிக் கேட்கவேண்டும். முழங்கால் உள்ள வீடுகள் கவனிக்க.

கியோட்டோவுக்கு நாலு இரவுகள். 794-ம் வருஷம் முதல் 1868 வரையில் அரசர்களின் தலைநகராயிருந்த ஊருக்கு அது அதிகமல்ல. தோஃபுக்குஜி ஆலயத்தில் பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு மரப்பாலம். அதன் கீழே மேப்பிள் மரங்களின் கடல். செர்ரி மரங்கள் இருந்தால் கேளிக்கைக் கூட்டம் கூடிவிடும் என்று அஞ்சி, சித்திரக்காரரான ஒரு பிக்ஷு பழங்காலத்தில் அவற்றை வெட்டச் செய்தார் என்று கதை சொல்வார்கள். பாவம், இப்போது மேப்பிளுக்கே அவ்வளவு கூட்டம்! கதவு திறக்கும் நேரத்திலேயே போய் நிற்பது உத்தமம். உச்சி வேளையில் நான்ஸென்ஜி ஆலயத்தின் அருகே 'யூதோஃபு' என்னும் சுடச்சுடச் சோயாக் கட்டி உண்ணலாம். புது அரிசியும் கஷ்கொட்டையும் சீமைப் பனிச்சைப் பழமும் வருகிற பருவம் அது.

கியோட்டோவிலிருந்து ஒரு மணிக்குள் நாரா போய்விடலாம். அங்கே தோதாய்ஜி ஆலயத்தில் சுமார் 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தர் வீற்றிருக்கிறார். 752-ம் வருஷத்தில் அந்த மூர்த்திக்குத் தூரிகையால் கண் திறந்து வைத்தவர் யார் தெரியுமா? நமது பாரத தேசத்திலிருந்து கடல் கடந்து சென்ற போதிசேனர் என்னும் பிக்ஷு. தூரிகையிலே நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு புண்ணியத்தில் பங்கு பெற்றார்களாம். கும்பாபிஷேகத்தில் கண் திறப்பைப் பார்த்திருக்கும் எந்தத் தாயாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

டோக்கியோவிலும் நமக்கு ஓர் உறவு உண்டு. 1915-ல் ஆங்கில அரசாங்கத்திடமிருந்து தப்பிச் சென்ற ராஷ் பிஹாரி போஸுக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் ஷின்ஜுகுவில் நாகமுராயா என்னும் ரொட்டிக் கடை வைத்திருந்த தம்பதிகள். அவர்கள் தங்கள் புதல்வியையும் அவருக்கு மணம் செய்து கொடுத்தார்கள். 1927-ல் அந்தக் கடையில் இந்தியக் குழம்பும் சோறும் விற்பனைக்கு வந்தன. அந்தக் குழம்பு கோழிக் குழம்பாதலால், நம் வீட்டில் புதல்வன் ஒருவனே அதற்கு உரிய மரியாதையைச் செலுத்துவான். மற்றவர்கள் வாசலில் நின்று வணங்கிவிட்டு, கிங்க்கோ மரங்கள் பொன்னிறமாய் நிற்கும் சாலைகளைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ரயில் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. அந்நியப் பிரயாணிகளுக்கென்று ஏழு நாள் ரயில் பாஸ் உண்டு. 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. நமது வழியில் ஒஸாக்காவிலிருந்து ஹிரோஷிமா, அங்கிருந்து கியோட்டோ, பிறகு டோக்கியோ என்று தனித்தனியாக டிக்கெட் வாங்கினால் அவ்வளவு ஆகாது. பாஸ் வாங்குமுன் கூட்டிப் பார்ப்பது நலம். மேலும், நவம்பர் 23 அங்கே தேசிய விடுமுறை. அன்று ரயிலேறுகிறவர்கள் ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும்.

கடைசி வழக்கு ஹிரோஷிமாவைப் பற்றியது. அங்கே செலவிடும் இரண்டு இரவுகளையும் ஒஸாக்காவின் உணவுக் கடைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்பது புதல்வனின் கட்சி. "உல்லாசப் பிரயாணத்தில் துக்க ஸ்தலம் எதற்கு?" என்றான்.

அதுவரையில் ஓர் ஊரையும் தனக்கென்று கேட்காத நம் இல்லத்தரசி அப்போதுதான் பேசினாள். "ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனால் பட்சணம் மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவோமா? அந்த வீட்டில் நேர்ந்ததைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டோமா?" என்றாள். புதல்வன் பதில் சொல்லவில்லை. ரயில் மாறும் அரை நாளில் ஒஸாக்காவைப் பார்த்துக்கொள்வதாக அவனே ஒப்புக்கொண்டான். ஹிரோஷிமாவை அடுத்த மியாஜிமா தீவில் கடல் நீரில் நிற்கும் செந்நிறத் தோரணவாயில் இருக்கிறது என்பதும், மேப்பிள் இலை வடிவத்தில் இனிப்புப் பணியாரம் விற்கிறது என்பதும் அவனுக்குச் சிறிது ஆறுதல் அளித்திருக்கலாம். அந்தப் பணியாரத்தில் முட்டை சேருமாதலால் தாயாருக்கு ஆகாது.

அப்போது நாம் தாயாரிடம் ஒரு மரத்தைப் பற்றிச் சொன்னோம். ஹிரோஷிமாவில் 1620-ல் அமைத்த ஷுக்கெயென் என்னும் ஆற்றங்கரைத் தோட்டம் இருக்கிறது. 1945-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி காலை எட்டேகால் மணிக்கு விழுந்த அணுகுண்டினால் அந்தத் தோட்டம் நாசமாயிற்று. இனி எழுபத்தைந்து வருஷத்துக்கு அந்த ஊரில் புல் பூண்டு முளைக்காது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தோட்டத்தில் 200 வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு கிங்க்கோ மரம் பிழைத்துக்கொண்டது. ஒவ்வொரு வருஷமும் இலையுதிர் காலத்தில் அது மஞ்சளாகி இலையை உதிர்க்கிறது; ஒவ்வொரு வசந்தத்திலும் திரும்பத் துளிர்க்கிறது.

தாயார் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அந்த மரத்துக்குப் படி ஏறவேண்டுமா?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா, தோட்டத்துத் தரையில்தான் நிற்கிறது."

"அப்படியானால் அதை முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்" என்றார்.

எழுதினோம். மலையில் ஓர் இரவு, ஹிரோஷிமாவில் இரண்டு, கியோட்டோவில் நாலு, டோக்கியோவில் மூன்று; ஆகப் பத்து. எட்டு ஊர்களில் ஐந்து கழிந்து, ஜாபிதாவில் இல்லாத மலை ஒன்று சேர்ந்தது. நேயர்களும் பிரயாணம் போக நேர்ந்தால் ஊர்களை அடிப்பதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் அடிப்பதற்கு முன்னால், வீட்டிலே அதிகம் பேசாதவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.