கணனிப் பக்கம்: நிறுத்தியது யார்?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை எங்களுக்குத் தெரிந்த ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணை, மகன்ர லப்ரொப் முடிஞ்சுது போல. புதுசு ஒண்டு தவணைக்கு எடுக்கப்போறன். எது நல்லது எண்டு சொல்லுங்கோ" என்றார். அவர்கள் இங்கு வந்து ஒன்றரை வருடம்தான். அந்தத் தவணைக் காசுக்காக வார இறுதியிலும் வேலைக்கு வருவதாக மேலாளரிடம் சொல்லியும் விட்டாராம். "ஒண்டையும் வாங்காதேங்கோ, வந்து பார்க்கிறம்" என்று சொல்லிவிட்டுப் போனோம்.

மகன் கல்லூரியில் கணனி படிக்கிறான். பாடத்துக்காக எல்.எல்.வி.எம். என்ற பெரிய மென்பொருளை அதன் மூலநிரலில் இருந்து தானே கட்டி எடுக்க வேண்டும். இதைத்தான் 'பில்ட்' என்கிறார்கள். ஆயிரக்கணக்கான நிரல் கோப்புகளைக் கொம்பைலர் ஒவ்வொன்றாக மாற்றும், கடைசியில் லிங்கர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும். தம்பியின் மடிக்கணனி பழையது, 8 ஜீபி மெமறி, உபுண்டு 22.04. பாதி வழியில் டெர்மினல் சன்னல் அப்படியே மறைந்துவிடுகிறது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. மூன்று தடவை இப்படி நடந்துவிட்டது, ஒப்படைக்கும் நாளுக்கு மிஞ்சியிருந்தது ஐந்து நாள்.

தொழிற்சாலையில் மெசின் நின்றுவிட்டால் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்னர் அதை நிறுத்தியது எது என்று பார்ப்போம். பல தடவை மோட்டார் நல்லாய்த்தான் இருக்கும். கதவு சரியாகப் பூட்டுப்படவில்லை என்று சென்சர் நிறுத்தியிருக்கும். இங்கேயும் அதைத்தான் செய்தோம். லினக்ஸ் தன் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதி வைக்கும். 'ஜேர்னல்சிடிஎல்' என்ற கட்டளையைக் கொடுத்து, அதில் 'ஓஓஎம்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடினால் ஆள் அகப்படுவார்.

மெமறி போதாதபோது வேலையைக் கொல்பவர்கள் இருவர். ஒருவர் கேர்னலுக்குள்ளேயே இருப்பவர், பழைய ஆள். அவர் பெரும்பாலும் ஒரே ஒரு வேலையைத்தான் கொல்லுவார். டெர்மினல் நிற்கும், அதில் 'கில்ட்' என்ற சொல்லும் நிற்கும். மற்றவர் ஓ.ஓ.எம்.டி. என்ற காவலாளி. உபுண்டுவில் 2022 ஏப்ரலில் வந்த 22.04 இலிருந்து இவர் தானாகவே வேலைக்கு நிற்கிறார். கணனி இறுகிப்போக முன்னர் ஆளை வெளியேற்றுவது இவர் தொழில். ஒருவரை அல்ல, முழுக் கூட்டத்தையும் வெளியேற்றுவார். டெர்மினல் தடயமில்லாமல் மறைந்ததற்கு அதுதான் காரணம்.

முதலில் நாங்கள் நினைத்தது மெமறி உண்மையிலேயே போதவில்லை என்றுதான். அது பிழையான நினைப்பும் அல்ல. நின்ஜா என்ற பில்ட் கருவி தன் இஷ்டத்துக்கு விட்டால் புரொசசர்களின் எண்ணிக்கையை விட இரண்டு கூடுதலாகக் கொம்பைலர்களை ஒரே நேரத்தில் ஓட்டும். தம்பியின் கணனியில் 8, ஆகவே 10. ஒவ்வொன்றும் சில நூறு எம்பி தின்றால் 8 ஜீபி எந்த மூலைக்கு? சிறிய கோடு ஒன்று போட்டு ஜே, அதன் பின் 2 என்று கொடுத்து, இரண்டு இரண்டாக ஓட்டச் சொன்னோம்.

இந்த முறை டெர்மினல் தப்பியது. பிரவுசர் மறைந்தது! அதில் தாயார் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்களைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதவில்லை.

ஆனால் அந்த நேரத்தில் 'ஃபிரீ' என்ற கட்டளை 'அவெய்லபிள்' என்ற நிரலில் கிட்டத்தட்ட 3 ஜீபி காட்டியது. இடம் இருந்தும் வெளியேற்றியிருக்கிறார் காவலாளி! ஏன்?

கலியாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். முன்வரிசைக் கதிரைகளில் சின்னப்பிள்ளைகள் ஏறி இருப்பார்கள். பெரியவர்கள் வந்தால் எழும்பி விடுவார்கள். லினக்ஸும் சும்மா கிடக்கும் மெமறியில், வாசித்த கோப்புகளின் பிரதிகளை இருத்தி வைக்கும். தேவை வந்தால் அவற்றை உடனே எழுப்பிவிடும். பில்ட் ஓடும்போது கோப்புகள் ஏராளம், ஆகவே பிள்ளைகளும் ஏராளம். மெமறி, சுவாப் இரண்டுமே 90 வீதத்தைத் தாண்டினால் ஆளை வெளியேற்று என்பது காவலாளிக்குக் கொடுத்த விதிகளில் ஒன்று. 22.04 முதலில் வந்தபோது இவர் பிள்ளைகளையும் விருந்தாளிகளாக எண்ணிக்கொண்டிருந்தார். தம்பியின் சுவாப் 2 ஜீபிதான், அது முதலே நிரம்பியிருந்தது. ஆகவே மண்டபம் நிறைந்துவிட்டது என்று முடிவு. பிறகு சுவாப்பில் அதிகம் வைத்திருப்பவரைத் தேடிப் பிடிப்பார். முதல் நாள் அது கொம்பைலர் கூட்டம், இன்று நாடகம்.

இந்தக் கணக்கை 2022 இலேயே திருத்திவிட்டார்கள். தம்பியிடம் இருந்தது நண்பன் கொடுத்த பழைய யூ.எஸ்.பி. யிலிருந்து போட்ட உபுண்டு. கைத்தொலைபேசியின் டேட்டா முடிந்துவிடும் என்று அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தான். புதிதாக வந்த வீடுகளில் இது வழக்கம், குறை சொல்ல முடியாது. நூலகத்துக்குக் கொண்டுபோய் அங்குள்ள வைஃபையில் அப்டேட் செய்துகொண்டு வந்தான்.

கேர்னல்காரரும் இப்படித் தவறியவர்தான். 2016 ஜூலையில் வந்த 4.7 பதிப்பில், மெமறி இருக்கவே வேலைகளைக் கொன்றார். அப்போது புதிய வேலை ஒன்றைத் தொடங்க அடுத்தடுத்து நான்கு கதிரை வேண்டியிருந்தது. வெற்றுக் கதிரைகள் இருந்தும் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒழுங்குபண்ணும் முயற்சியை நேரத்தோடு கைவிட்டுவிட்டு ஆளைக் கொன்றார். அதே ஆண்டு செப்டம்பரில் திருத்தம் வந்தது.

அப்டேட்டுக்குப் பிறகு இரவு முழுக்க ஓடியது. விடியப்புறம் பார்த்தால் திரையில் 'கில்ட்'. லிங்கர் செத்திருந்தது. இது கேர்னலின் வேலை, இந்த முறை நியாயமான கொலை. எல்.எல்.வி.எம். ஐ 'டிபக்' வடிவத்தில் கட்டினால் லிங்கர் பல ஜீபி தின்னும். 'ரிலீஸ்' வடிவத்துக்கு மாற்றினோம். லிங்கர் வேலையை ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லும் தெரிவு எல்.எல்.வி.எம். இலேயே உண்டு, அதையும் போட்டோம். சுவாப்பை 8 ஜீபி ஆக்கினோம். திங்கள் இரவு முடிந்தது.

காவலாளியையே நிறுத்திவிடு என்று சொல்பவர்கள் உண்டு. நாங்கள் சொல்லமாட்டோம். அவர் இல்லாவிட்டால் உண்மையாக மெமறி முடியும்போது எலிவால்கூட அசையாமல் கணனி இறுகிப்போகும்.

தகப்பன் அந்த வார இறுதி வேலைக்குப் போனார்தான், சொன்ன சொல்லை மாற்ற முடியவில்லை. அந்தக் காசில் இன்னொரு 8 ஜீபி மெமறி வாங்கிப் போடலாமா என்று இப்போது கேட்கிறார். மூடியைத் திறந்து, வெறும் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு சொல்கிறோம் என்றிருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால் மெமறியின் அளவு, உபுண்டுவின் பதிப்பு, குறிப்பேட்டில் உள்ள அந்த வரி ஆகிய மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.