சிரித்து விளையாடும் பிள்ளையும் கிருமி சுமக்கும்

காலை நிகழ்ச்சியில் பாட்டு போடுவதும் பேசுவதும்தான் என் வேலை. ஆனால் வாட்ஸ்அப் எண்ணைச் சொல்லிவிட்டால் போதும், பாட்டு கேட்டு வரும் குரல் பதிவுகளோடு வீட்டுக் கவலைகளும் வரிசையில் வந்து நிற்கும். போன வாரம் ஒரு நேயர் அனுப்பியதைக் கேட்ட பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

அவர் மகனுக்கு இரண்டு வயது. தாஸ்காவில் விட்டுவிட்டு அம்மா வேலைக்குப் போகிறார். ஒரு திங்கட்கிழமை மகன் வாந்தி எடுத்தான். அந்த வாரத்துக்குள் இன்னும் நான்கு பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. உடனே பெற்றோர் குழுவில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. “உங்க பையன்தான் கொண்டுவந்து எல்லாருக்கும் ஒட்டிவிட்டான்.” “வீட்ட சுத்தமா வச்சிருந்தா இப்படி வருமா?” அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “அக்கா, முதல்ல வாந்தி எடுத்தவன்தான் கொண்டுவந்தவன்னு அர்த்தமா?”

இல்லை. அப்படி அர்த்தமே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சிறு பிள்ளைகளின் வயிற்றைப் பதம் பார்க்கும் வைரஸ்களில் முக்கியமானவை இரண்டு: ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ். இவை உடலுக்குள் போனால் வாந்தியும் பேதியும் கட்டாயம் வரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பல பிள்ளைகளுக்கு ஒன்றுமே வராது. சாப்பிடுவார்கள், ஓடுவார்கள், சிரிப்பார்கள். ஆனால் அவர்களின் மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி, முன்பே ஒருமுறை தொற்றியதால் கிடைத்த பாதுகாப்பு என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு.

இதை மிகப் பொறுமையாகக் கவனித்துச் சொன்னவர்கள் தமிழ்நாட்டு வேலூரில் இருக்கிறார்கள். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை பின்தொடர்ந்தார்கள். பேதி வந்தால் மட்டும் சோதிக்கவில்லை. குழந்தை நன்றாக இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலத்தைச் சோதித்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. ஆறு மாதம் ஆவதற்குள்ளேயே 56 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது. அந்தத் தொற்றுகளில் பெரும்பாலானவை எந்த அறிகுறியும் காட்டாமல் வந்து போனவை. பேதி வந்த பிள்ளைகளை மட்டும் எண்ணியிருந்தால் இதெல்லாம் கணக்கிலேயே வந்திருக்காது.

அறிகுறி இல்லாத தொற்றால் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது. 1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த சில குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் தொற்றியும் நோய் வரவில்லை. டாக்டர் எம்.கே. பான் குழுவினர் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். பல ஆண்டு உழைப்புக்குப் பின் அதிலிருந்தே ‘ரோட்டாவாக்’ என்ற சொட்டு மருந்து உருவானது. 2016 முதல் இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் அது இருக்கிறது. நோயே இல்லாமல் தொட்டிலில் கிடந்த குழந்தைகள் மற்ற குழந்தைகளின் உயிரைக் காக்க வழி காட்டினார்கள்.

சரி, தாஸ்காவுக்கு வருவோம். அந்த நான்கு பிள்ளைகளுக்கும் யாரிடமிருந்து வந்தது? அறிகுறியே இல்லாத ஐந்தாவது பிள்ளையிடமிருந்து வந்திருக்கலாம். பெரியவர்களுக்கும் அறிகுறி இல்லாமல் தொற்றும் என்பதால், பார்த்துக்கொள்ளும் அக்காவிடமிருந்தும் வந்திருக்கலாம். குற்றம் சாட்டும் அம்மாவின் பிள்ளையிடமிருந்தே வந்திருக்கலாம். ஆகவே விரல் நீட்டுவதை விட்டுவிட்டு, விரல்களைக் கழுவுவோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கோவிட் காலத்திலிருந்து எல்லார் கைப்பையிலும் சானிடைசர் இருக்கிறது. ஆனால் நோரோ வைரஸிடம் அது சரியாக எடுபடாது. கோவிட் வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். நோரோ வைரஸுக்கு அந்த உறை கிடையாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான் வழி. டயப்பர் மாற்றியதும், கழிவறை போய் வந்ததும், சாப்பாட்டைத் தொடுமுன்னும் 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். பிள்ளை நன்றாக இருந்தாலும் இதுதான் விதி.

பேதி நின்றவுடன் மறுநாளே தாஸ்காவுக்கு அனுப்பாதீர்கள். கடைசி அறிகுறிக்குப் பின் 48 மணி நேரமாவது வீட்டில் இருக்கட்டும். அதற்குப் பிறகும் இரண்டு வாரமோ, அதற்கு மேலோ வைரஸ் மலத்தில் வரக்கூடும். ஆகவே வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் டயப்பர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை.

அதற்காக நன்றாக இருக்கும் பிள்ளையை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய்ச் சோதிக்கச் சொல்ல வேண்டாம். அன்டிபயோட்டிக் கேட்கவும் வேண்டாம், வைரஸுக்கு அது வேலை செய்யாது. ஆனால் வாந்தி பேதியோடு வாய் உலர்ந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், பிள்ளை துவண்டு கிடந்தால் தாமதிக்காதீர்கள். மலத்தில் இரத்தம் கண்டாலும் அப்படியே. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ரோட்டா சொட்டு மருந்து பற்றி டாக்டரிடம் சீக்கிரம் கேளுங்கள். ஆறாவது வாரத்திலிருந்து கொடுக்கத் தொடங்குவார்கள். தள்ளிப்போட்டால் வயது கடந்துவிடும்.

அந்த அம்மாவுக்கும், அந்தக் குழுவில் இருக்கும் மற்ற அம்மா அப்பாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குழுவில் “யார் பிள்ளை?” என்று எழுதத் தோன்றினால், அதற்குப் பதில் தாஸ்காவிடம் இதைக் கேளுங்கள்: டயப்பர் மாற்றும் இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா? அங்கே சவர்க்காரம் இருக்கிறதா?