பெட்டிச் சாவி யார் கையில்?



லயத்துக் காமராவில் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈ.பி.எப். அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் அதற்குள்தான். சாவி அம்மாவின் இடுப்பில். காகிதத்தின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. காட்ட முடியாத நம்மவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தக் குறை முழுதாகத் தீரவில்லை.

இன்று அந்தப் பெட்டி கைத்தொலைபேசிக்குள் ஏறிவிட்டது. அங்கத்தவர் பட்டியல், சந்தா விபரம், முறைப்பாட்டுக் கடிதம் எல்லாவற்றையும் படம் பிடித்து, பலரும் சேர்ந்து பார்க்கும் கூகுள் டிரைவ் போன்ற களஞ்சியங்களில் போடுகிறோம். நல்லதுதான். கினிகத்தேனை மழையில் அது நனையாது, மண்சரிவில் போகாது, விசாரணைக்கு ஹட்டன் போனாலும் உடனே எடுக்கலாம். ஆனால் இந்தப் பெட்டிக்கும் சாவி உண்டு. அது யார் யார் கையில் இருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை.

மலையில் தன்னிடம் ஒருவர் முறைகேடாக நடந்ததாக ஒரு பெண் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். அந்தப் பைலை 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று திறந்துவிட்டு, இணைப்பை வட்ஸ்அப் குழுவில் போட்டால் அது எத்தனை பேருக்குப் போகும்? மறுநாள் பெரட்டுக்களத்தில் அவர் பெயர் அடிபடும். அதன்பிறகு எந்தப் பெண் சங்கத்திடம் வாய் திறப்பார்?

ஒருவர் எந்தத் தொழிற்சங்கத்தில் இருக்கிறார் என்பதையே விசேட பாதுகாப்புக்குரிய தகவலாக ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வைத்திருக்கிறது. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஆனால் வெளியே போன பெயரை எந்தச் சட்டத்தாலும் திருப்பி எடுக்க முடியாது.

பிரதி விஷயத்திலும் கவனம் வேண்டும். 2023 ஓகஸ்ட் 26இல் அரசாங்கத்தின் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' களஞ்சியத்தைக் கப்பம் கேட்கும் கணினி வைரஸ் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மே 17 முதல் அன்றுவரை வந்த தகவல்கள் அழிந்தன. அவற்றின் பிரதிகளையும் வைரஸ் பிடித்துக்கொண்டது. வெளியே தனியாகப் பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால் நமது தோட்டக் கமிட்டிக்கு எப்படி?

ஆகவே கமிட்டிகள் செய்ய வேண்டியவை:

1. இணைப்பை எல்லோருக்கும் திறக்க வேண்டாம். தேவையானவரின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். மாற்றி எழுதும் உரிமை ஒருவர் இருவருக்குப் போதும்.

2. பொறுப்பாளர் மாறும் அன்றே பழையவரின் அனுமதியை நீக்குங்கள். அவரைச் சந்தேகிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். பதவி விட்டால் அலுமாரிச் சாவியைக் கொடுப்பதில்லையா?

3. சங்கத்தின் பைல்கள் சங்கத்துக்கென்று திறந்த கணக்கில் இருக்கட்டும். இரண்டு படி உறுதிப்படுத்தலைப் போடுங்கள். தொலைபேசிக்கு வரும் ஓடிபி இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

4. பெண்களின் முறைப்பாடு, நோய் விபரம் ஆகியவை தனி இடத்தில், சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு மட்டும் இருக்கட்டும்.

5. மாதம் ஒரு தடவை பென் டிரைவில் பிரதி எடுத்து, கணினியிலிருந்து கழற்றி, அலுமாரியில் பூட்டுங்கள். மூலப் பத்திரங்களைக் காகிதமாகவே காப்பாற்றுங்கள்.

6. டவுனில் கடையில் ஸ்கேன் செய்தால், அந்தக் கணினியில் உள்ள பிரதியை அழித்து, உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே எழும்புங்கள்.

இதெல்லாம் படித்தவர்கள் வேலை என்று ஒதுங்க வேண்டாம். வீட்டுப் பிள்ளை வழி காட்டட்டும்; கடவுச்சொல்லை நீங்களே போடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி, ஒவ்வொரு பைலையும் யார் யார் பார்க்கலாம் என்ற பட்டியலைத் திறந்து, பெயர்களைச் சத்தமாக வாசியுங்கள். அங்கே இருக்கத் தேவையில்லாத பெயர் ஒன்று இருந்தாலும், கூட்டம் கலைவதற்கு முன் அதை நீக்குங்கள்.