தபசுகாலத்து ஓசை

தபசுகாலம் பிறந்ததும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளின் கத்தோலிக்கக் கிராமங்களில் ஊண் சுருங்கும், கொண்டாட்டங்கள் ஓயும். கோயிலிலோ வியாகுலப் பிரசங்கம் இராகத்தோடு எழும். கிறிஸ்துநாதரின் பாடுகளை உருக்கமாக உரைக்கும் இந்நூலை நமக்குத் தந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். அத்தடை நிலவிய நாளில், 1705இல், சுவாமிகள் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்தார். தமிழும் சிங்களமும் கற்று, இரு மொழிகளிலும் நூல்கள் இயற்றி, 1742இல் போலவத்தையில் உயிர்நீத்தார். குருமார் மறைந்து நடமாடிய அக்காலத்தில், மக்கள் தாமே கூடிப் பாடத்தக்க பிரசங்கம் எத்துணைப் பெருந்துணையாய் இருந்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

அச்சுப் புத்தகத்தில் சொற்கள் உண்டு, இராகம் இல்லை. அதனை அப்புவின் அருகிருந்து பேரன் கேட்டே பழகவேண்டும். 1995இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோதும், பலர் கடல் கடந்தபோதும், அவ்வாறு அருகிருக்கும் பேறு பல குடும்பங்களுக்கு இல்லாதுபோயிற்று.

மாணவ மாணவியரே! முதியோர் பாடுவதைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து வைத்தல் நன்றே. எனினும், நீங்கள் பாடுகையில் தவறும் இடத்தை அப்பதிவு திருத்தாது. பெரிய வெள்ளிக்கு முன் ஒரு மாலையேனும் உங்கள் கோயிற் பெரியவர் பக்கத்தில் அமர்ந்து, அவரோடு சேர்ந்து பாடுங்கள். திருத்துவதற்கு அவர் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுதல் நம் கடன் அன்றோ?