தாயகம் திரும்பியோர் எந்த ஊர்க்காரர்கள்?

‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயர் தமிழ்நாட்டு அரசுக் கோப்புகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புழங்கி வருகிறது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இங்கே அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு அதிகாரிகள் வைத்த பெயர் அது. நுவரெலியாவிலும் பதுளையிலும் ஹட்டனிலும் பிறந்து வளர்ந்தவர்களே அவர்களில் மிகப் பலர். ராமேசுவரத்தில் கப்பலைவிட்டு இறங்கிய அன்றுதான் இந்திய மண்ணையே முதன்முதலாக மிதித்தார்கள். பார்த்தே இராத நாட்டுக்கு அவர்கள் திரும்பினார்கள் என்று அரசு எழுதிவைத்தது.

அவர்களுடைய முன்னோர்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பிப் போனவர்கள். 1820களில் காப்பித் தோட்டங்களுக்காகத் தொடங்கிய அந்தப் பயணம், காப்பிச் செடி நோயில் அழிந்து தேயிலை வந்த பிறகும் நிற்கவில்லை. கங்காணிகளின் பின்னால் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. மிஞ்சியவர்கள் காட்டை வெட்டித் தோட்டமாக்கி, லயன் அறைகளில் தலைமுறைகளைக் கடத்தினார்கள்.

நாடு விடுதலையடைந்த 1948ஆம் ஆண்டிலேயே இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அது இயலாதென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்குச் சான்று வேண்டும். பிறப்பைப் பதிவுசெய்யும் வழக்கமே பரவியிராத தோட்டத்தில் இந்தக் காகிதத்துக்கு எங்கே போவது? ஏறத்தாழ 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இந்த மக்களைப் பங்கு பிரித்தது. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாக எடுத்துக்கொண்டன. தோட்டத் தொழிலாளர்களின் பிரதிநிதிகளைக் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை. அண்ணன் ஒரு கரையிலும் தங்கை மறுகரையிலுமாகக் குடும்பங்கள் சிதறின. இது பெரும் அநீதி. இரண்டு அரசுகளுக்கும் அதில் பங்குண்டு.

இங்கே வந்தவர்களில் ஒரு பகுதியினருக்காக நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. இன்றைய ‘டான்டீ’ அப்படிப் பிறந்ததே. கொழுந்து பறிக்கத் தெரிந்த இன்னும் பலருக்குச் சிறுதொழில் கடன் கொடுத்து, சமவெளியில் கடை வைத்துப் பிழைக்கச் சொன்னார்கள். பழக்கமில்லாத வேலையில் கடன் தொகை கரைந்தது. பிழைப்புத் தேடி மறுபடியும் மலையேறினார்கள். இலங்கையில் ‘கள்ளத்தோணி’ என்று ஏச்சு வாங்கியவர்களை இங்கே அக்கம்பக்கத்தார் ‘சிலோன்காரங்க’ என்றார்கள்.

இனக்கலவரங்களுக்குத் தப்பிப் பின்னாளில் வந்த மலையகத்தவரின் நிலை இன்னும் கொடியது. இந்திய வம்சாவளியினரான அவர்களும் சட்டவிரோதக் குடியேறிகளின் கணக்கில் சேர்ந்தார்கள். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்தவர்கள் தொடர்ந்த வழக்கில், அவர்கள் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது.

இலங்கையிலேயே தங்கிவிட்டவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக் குடியுரிமையைக் கொடுத்தது. 2023இல், முன்னோர் வந்த இருநூறாவது ஆண்டை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அரசாங்கம் ‘இந்தியத் தமிழர்’ என்று பதிந்துவைத்த மக்கள், ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரைத் தாங்களே சூடிக்கொண்டிருக்கிறார்கள். எந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் என்று அவர்களே சொன்ன விடை அது. அந்த மண்ணில் சொந்தமாக ஒரு வீட்டுமனை மட்டும் அவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் எட்டவில்லை.

நீலகிரியிலும் இதே குறைதான். டான்டீ தொழிலாளி ஓய்வுபெற்றால், காலமெல்லாம் குடியிருந்த வீட்டைக் காலிசெய்ய வேண்டும். தோட்ட நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடமே திருப்பிக் கொடுக்க 2022இல் அரசு முடிவெடுத்தபோது கூடலூர், பந்தலூர்ப் பகுதித் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தது இந்த அச்சத்தால்தான். ‘தாயகம்’ என்று சொல்லி அழைத்துவந்த அரசு, அவர்கள் பெயரில் ஆளுக்கொரு வீட்டுமனைப் பட்டாவை இப்போதாவது எழுதிக் கொடுக்க வேண்டும்.