பீஸ் போனா பேப்பர் சுத்தாதீங்க!

மூன்று வருடத்துக்கு முன் பழைய கார் ஒன்று வாங்கினோம். கணவர் ஓட்டுவார். எனக்கு ஓட்டத் தெரியாது.

போன ஐப்பசியில் பழனியில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு ராத்திரி திண்டுக்கல் திரும்பினோம். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பேய் மழை. ஓடிக்கொண்டிருந்த வைப்பர் பொசுக்கென்று நின்றுவிட்டது. மெல்ல உருட்டி வந்து ரோட்டோர ஒர்க் ஷாப்பில் நிறுத்தினோம். அங்கிருந்தவர் "பீஸ் போச்சு சார்" என்று, கருகிய பியூஸின் இரண்டு காலையும் சேர்த்து சிகரெட் பெட்டி ஜிகினாப் பேப்பரைச் சுற்றிச் செருகினார். வைப்பர் ஓடியது. ஐம்பது ரூபாய் கொடுத்து, 'நல்ல மனுஷன்' என்று புகழ்ந்துகொண்டே வந்தோம்.

அந்தப் புகழ்ச்சி பத்து நாள்தான் தாங்கியது. மறுபடி மழை. பின் சீட்டில் என் இரண்டு பிள்ளைகள். வைப்பர் பாதியில் இறுகி நிற்க, டேஷ் போர்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றமும் புகையும்! பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மழையில் நின்றது இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கணவர் சாவியை அணைத்து, பேட்டரி வயரைக் கழற்றியதால் தப்பித்தோம்.

எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, "பீஸ் சாக வேண்டிய இடத்துல வயர் செத்துருக்கும்மா" என்றார். மோட்டார் இறுகினால் கரண்ட் அதிகம் இழுக்கும். சரியான பியூஸ் இருந்திருந்தால் அது உருகி கரண்டை நிறுத்தியிருக்கும். பேப்பர் உருகாததால் வயர் வெந்துபோனது. வீட்டு பீஸ் கட்டையில் மொத்தக் கம்பி போடாதே என்று அப்பா திட்டுவாரே, அதே சங்கதிதான்! வயரிங் செலவு மூவாயிரத்து எண்ணூறு.

அன்றைக்கே அவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். சாவியை எடுத்துவிட வேண்டும். பியூஸ் பெட்டி பெரும்பாலும் டேஷ் போர்டுக்கு அடியில் இருக்கும். பானெட்டுக்குள் இன்னொன்றும் இருக்கலாம். எது எதற்கு என்று மூடியிலோ, வண்டியோடு தரும் புத்தகத்திலோ படம் போட்டிருக்கும். பியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே வளைந்த கம்பி அறுந்திருந்தால் போச்சு. அதே நம்பர்தான் போடணும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. புதுசும் உடனே போனால், பெரிய நம்பர் போட்டு ஏமாற்றக் கூடாது. வேறெங்கோ கோளாறு, மெக்கானிக்கிடம்தான் போகணும். ஸ்பேர் இல்லாவிட்டால், அதே நம்பராக இருந்தால் ரேடியோ பியூஸைப் பிடுங்கி வைப்பருக்குப் போடலாமாம். இது அன்றைக்குத் தெரியாமல் போச்சே!

"ஓட்டவே தெரியாதவளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கொழுந்தனார் கிண்டல் செய்தார். ஓட்டாவிட்டால் என்ன? அந்த வண்டியில் பிள்ளைகளோடு உட்கார்வது நான்தானே! தவிர, அந்தப் பெட்டிக்குக் குனிந்து கை விட என் கணவருக்குத் தொப்பை இடிக்கிறது. எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டு காரின் பியூஸ் பெட்டி மூடியை ஒரு தடவை திறந்து பாருங்கள். யாராவது ஏற்கெனவே பேப்பர் சுற்றி வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். எங்கள் வண்டியில் கலருக்கு இரண்டாக ஸ்பேர் பியூஸ் வாங்கி, காலி குங்கும டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். விலை ரொம்பச் சொற்பம்தான்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.